இரண்டாம் தரம் பெண் கேட்டு வந்த சம்பந்திக்கு

ஆசைக்குரிய முத்தையாச் சம்பந்திக்கு,

நீங்கள் போன இடத்தில் மழை வெயில் எப்படியோ தெரியாது. இங்கே ஆவணி வெயில் மண்டையைப் பிளக்கிறது. உங்கள் முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு மாப்பிள்ளை ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறார். “மாமா, அப்பாவைப் பற்றி நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்கோ” என்று கேட்டார். ஓ.எல். சோதனையை இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரமும் தமிழில் மட்டும் பாஸ் பண்ணினவன் நான். அந்தத் தைரியத்தில் ஓம் என்று சொல்லிவிட்டேன்.

இப்படியான மலர்களில் என்ன எழுதுவார்கள் என்று எனக்குத் தெரியும். பண்பாளர், பரோபகாரி, ஊருக்கு உழைத்தவர். அதெல்லாம் உங்களுக்குப் பொருந்தும்தான். ஆனால் அதை மட்டும் எழுதி விட்டால் நான் தப்பிவிடுவேன். நான் தப்பக் கூடாது என்பதற்காகத்தான் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் பேத்திக்கு ஒன்பது மாதம் ஆகிறது. கதிரையைப் பிடித்து எழும்பி நிற்கிறாள். நின்றுவிட்டு, எப்படித் திரும்பக் குந்துவதென்று தெரியாமல் அழுகிறாள். காது உங்களுடைய காது. மூக்கை எங்கள் பக்கத்துக்கு எடுத்துவிட்டாள், பாவம்.

அவள் பிறந்த கதையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உங்களுக்கு மட்டுமல்ல, இந்த மலரைக் கையில் எடுக்கிற எல்லாருக்கும். நீங்கள் யாரென்று தெரியாதவர்களுக்காக இரண்டு வரி சொல்லுகிறேன், குறை நினைக்க வேண்டாம். நீங்கள் சுகாதாரப் பணிமனையில் டெங்குப் புகை அடிக்கிற தொழிலாளி. மழைக்காலம் நெருங்கினால் வெள்ளம், புயல் பார்க்கிற ஊர் அனர்த்தக் குழுவுக்கும் நீங்கள்தான் கை, கால். யாருடைய கிணற்றுக் கட்டு தாழ்வு, யார் வீட்டில் நடக்க முடியாத ஆள் இருக்கு, யார் சீனி வருத்தத்துக்கு ஊசி போடுகினம் என்று சைக்கிளில் திரிந்து கேட்பீர்கள். உங்கள் குடும்பம் மலையகத்திலிருந்து வந்து கண்டி வீதிப் பக்கம் குடியேறினது. எங்கள் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அக்கராயன் பக்கம் குளத்துக் காணி பெற்றவர்கள். உங்கள் மகனும் என் மகள் தாரணியும் தங்கள் பாட்டில் பார்த்துப் பேசி முடித்துவிட்டு, பிறகுதான் எங்களிடம் சம்மதம் கேட்டார்கள். அப்போது நீங்கள் முதல் தரம் பெண் கேட்டு வந்தீர்கள். தட்டத்தோடு வந்தீர்கள். நான் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பிறகு சிரித்து, பெண்ணைத் தந்தேன்.

அந்த முகம் தூக்கினதைக் கவனிக்காத மாதிரி இருந்தீர்கள். கவனித்தீர்கள் என்று இப்போது தெரிகிறது.

வெள்ள ஒத்திகை ஞாபகம் இருக்கிறதா? எப்படி மறப்பீர்கள், அதற்குப் பிறகு நீங்கள் என்னைப் பார்த்த நேரமெல்லாம் உங்கள் மீசை ஆடினது. குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எங்கள் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணியை எப்படி வெளியில் எடுப்பது என்று செய்து பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு நீட்டுத் தடி கட்டி வைத்திருந்தீர்கள். ஆனால் எந்தப் பெண்ணும் அந்தக் கதிரையில் இருக்க மாட்டேன் என்றுவிட்டாள். வெள்ளத்தில் தூக்கிப் போகிற மாதிரி நடித்தால் அது பலித்துவிடுமாம். கடைசியில் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். என் வண்டி வயிற்றைப் பார்த்தீர்கள்.

“சம்பந்தி, நீங்க இருங்க. தலையணைகூட வேணாம்.”

ஊர் முழுக்கச் சிரிக்க, நான் கர்ப்பிணியாகக் கதிரையில் இருந்தேன். எங்கள் பகுதி மருத்துவிச்சி, மிட்வைஃப் பிள்ளை, என்னைச் சுற்றிப் பார்த்து, எட்டு மாதம் இருக்கும் என்று சொன்னா. நாலு பெடியள் தூக்கினார்கள். குறுக்குப் பாதையால் போய் மதகடியில் ஒருவன் வழுக்க, நான் கதிரையோடு வாய்க்காலுக்குள் போனேன். கோடை என்றபடியால் சேறு மட்டும்தான். நான் அவர்களை வாய்க்கு வந்தபடி ஏச, நீங்கள் ஓடி வந்து என்னைத் தூக்காமல் மதகைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

“நீங்க விழுந்தது நல்லதுங்க சம்பந்தி. தண்ணியில போயிருந்தா அந்தப் பொம்பிளை போயே போயிருப்பா. இனிமே இந்த வழி வேணாம்.”

அன்றைக்கே பாதையை மாற்றினீர்கள். பொதுநோக்கு மண்டபத்துக்குப் பின்னால் மாடு போகிற வழி. சுற்று, ஆனால் மேடு. நான் வீட்டுக்குப் போய், சேறு கழுவி, புகைக்காரச் சம்பந்திக்கு வேலையில்லை என்று மனுசி பரமேசுக்குச் சொல்லிச் சிரித்தேன்.

தாரணிக்கு அப்போது நாலாம் மாதம்.

அடுத்த மாதம் நீங்களும் சம்பந்தியம்மாவும் ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு வந்தீர்கள். தாரணிக்குக் கார்த்திகைக் கடைசியில் பிள்ளைப்பேற்று நாள். அந்த நேரம் எங்கள் வீட்டுக்கும் வீதிக்கும் இடையில் தண்ணீர் நிற்கும். உங்கள் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஓட்டோவில் கால் மணித்தியாலம். அவளுக்குப் பிரஷரும் கொஞ்சம் ஏறித்தான் நிற்குது என்று மிட்வைஃப் பிள்ளை சொல்லியிருந்தா. நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

“மழை விடுற வரைக்கும் பொண்ணை எங்க வீட்ல வச்சுக்கிறோம் சம்பந்தி. குழந்தை பிறந்ததும் நீங்க கூட்டிக்கிட்டுப் போங்க.”

தலைப்பிரசவம் தாய் வீட்டில். எங்கள் சனத்துக்கு இது வேதம். மகளின் முதல் பிள்ளைப்பேற்றைச் சம்பந்தி வீட்டில் விட்டால், தகப்பனுக்கு வக்கில்லை என்று ஊர் சொல்லும். அதுவும், எழுதக் கை கூசுகிறது, “அந்த ஆக்களின்ர வீட்டில” என்று ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்லும். அதை நினைத்து நான் பயந்தேன். பயத்தைப் பகிடியாக்கிச் சொல்லுவது எனக்குக் கைவந்த கலை.

“ஏன் சம்பந்தி, எங்கட வீட்டில சோறில்லையோ?”

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. தேத்தண்ணியில் பாதியை வைத்துவிட்டு எழும்பினீர்கள். பரமேஸ் அன்றைக்கு என்னோடு கதைக்கவில்லை. அதை ஒரு நிம்மதி என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு தனியே ஒரு நாள் வந்தீர்கள். வீட்டுக்குள் வரவில்லை. நான் வயலில் வரம்பு செதுக்கிக்கொண்டு நின்றேன், நீங்கள் சைக்கிளை ஸ்டான்டில் விட்டுவிட்டு வரம்பில் குந்தினீர்கள். நெடுநேரம் மண்ணைப் பற்றிக் கதைத்துவிட்டுத்தான் அந்தச் சொல்லைச் சொன்னீர்கள்.

“ஊரு பேசினா என் பேர்ல போட்டுடுங்க சம்பந்தி. நான்தான் பிடிவாதம் பிடிச்சேன், சண்டை போட்டுக் கூட்டிக்கிட்டுப் போனேன்னு சொல்லுங்க. நான் கெட்டவனா இருந்துட்டுப் போறேன்.”

ஒரு மனுசன் இன்னொரு மனுசனுக்கு இதைவிட என்ன தரலாம்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பார்ப்பம்” என்றேன். எங்கள் பக்கத்தில் பார்ப்பம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது உங்களுக்கும் தெரியும்.

பத்தாம் நாள் நீங்கள் இல்லை. வேலையால் வந்து, முகம் கழுவப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றுக் கட்டில் சாய்ந்தீர்களாம். ஊர் முழுக்க யாருக்கு என்ன வருத்தம் என்று தெரிந்து வைத்திருந்தீர்கள். உங்கள் நெஞ்சுக்குள் என்ன இருந்தது என்று யாராவது உங்களைக் கேட்டோமா?

இப்போது சொல்லப் போவதுதான் மெத்தக் கேவலம். செத்த வீட்டில் எல்லாரோடும் சேர்ந்து நானும் அழுதேன். உண்மையாகத்தான் அழுதேன். அழுது முடிய, மனதின் ஒரு மூலையில், இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு ஆறுதல் வந்தது. முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்து மாப்பிள்ளை மெல்லக் கதையை எடுத்தார். நான் முகத்தை இறுக்கி, “துடக்கு வீட்டில பிள்ளைத்தாச்சியை விடுறதோ தம்பி?” என்று கேட்டேன். அவர் தகப்பனை இழந்த பிள்ளை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். உங்கள் சாவையே நான் ஒரு சாட்டாக எடுத்தேன், சம்பந்தி. தாரணியைக் கூட்டி வந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் இருத்தினேன். தகப்பன் கடமை செய்துவிட்டான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சந்தைக்குப் போனேன்.

கார்த்திகைக் கடைசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தது. மூன்றாம் நாள் விடிய, குளத்து வான் கதவு திறக்கப் போகினம், தாழ்வில் இருக்கிறவை எழும்புங்கோ என்று விதானையார் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் வளவுக்குள் தண்ணீர் கணுக்காலுக்கு நின்றது. தாரணி தலையிடி என்றாள். மழைக்குளிர் என்று நான் சொன்னேன், பரமேஸ் மல்லித் தண்ணி வைத்துக் கொடுத்தா. முகம் கொஞ்சம் வீங்கி இருந்தது. பிள்ளைத்தாச்சிக்கு முகம் ஊதும்தானே என்று அதற்கும் நானே விளக்கம் சொன்னேன். டொக்டர் வேலைக்கு நான் போகாதது நாட்டுக்கு நல்லது.

பத்து மணி போல அவள், “அம்மா, கண்ணுக்கு முன்னால பூச்சி பறக்குது” என்றாள். தலையிடியோடு கண் மங்கினால் ஒரு நிமிஷமும் பார்க்க வேண்டாம் என்று மிட்வைஃப் பிள்ளை சொல்லி வைத்தது பரமேசுக்கு நினைவில் இருந்தது. எனக்கும் இருந்தது. ஆனாலும் நான், தண்ணி கொஞ்சம் வடியட்டும் என்றேன். முப்பது வருஷத்தில் பரமேஸ் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

“உங்கட மானத்தைத் தலையில தூக்கி வைச்சுக்கொண்டு இங்க இருங்கோ. நான் பிள்ளையைக் கொண்டு போறன்.”

அவாதான் போன் எடுத்தா. மிட்வைஃப் பிள்ளை அந்தப் பக்கமிருந்து, பெடியளை அனுப்புறன், கதிரையில் ஏற்றுங்கோ, உழவு இயந்திரத்தோடு மண்டபத்தடிக்கு வாறன் என்று மட்டும் சொன்னா. அரை மணித்தியாலத்தில் உங்கள் நாலு பெடியளும் தடி கட்டின கதிரையோடு நீந்தாத குறையாக வந்து நின்றார்கள். ஒருத்தரும் யாரையும் கேட்கவில்லை, ஆளுக்கு ஒரு தடி முனை பிடித்தார்கள். முன்னால் நின்றவன் அவசரத்தில் குறுக்குப் பாதைக்குத் திரும்பினான். “டேய், மதகடியால வேண்டாம், மாட்டு வழியால போ” என்று நான் கத்தினேன். அன்றைக்கு நான் செய்த ஒரே புத்தியான வேலை அதுதான். மதகடியில் தண்ணீர் வெள்ளையாகச் சுழித்துக்கொண்டு போனதை மேட்டில் நின்று பார்த்தோம்.

நான் சும்மா வரவில்லை. எங்கள் சனம் எத்தனை தரம் இடம்பெயர்ந்தது. வெளிக்கிடு என்றவுடன் கை தானாகப் போவது பத்திரப் பைக்குத்தான். அதைத் தலையில் வைத்துக்கொண்டு, மேட்டில் ஏறும் வரை இடுப்பளவு தண்ணீரில், பெரிய காரியம் செய்கிறவன் மாதிரி வந்தேன். மண்டபத்தடியில் உழவு இயந்திரம் நின்றது. சேதி கேட்டு வந்திருந்த மாப்பிள்ளை அதன் பெட்டியிலிருந்து குதித்துத் தாரணியைத் தாங்கினார். மிட்வைஃப் பிள்ளை கையை நீட்டி, கிளினிக் அட்டையைத் தாங்கோ என்றா. நான் பையைத் திறந்தேன். காணிப் பத்திரம் இருந்தது. எல்லாருடைய பிறப்புச் சான்றிதழும் இருந்தது. இப்போது இல்லாத மாட்டின் பதிவுத் துண்டும் இருந்தது. தாரணியின் அட்டை அலுமாரிக்கு மேலே, வீட்டில்.

“என்ன ஐயா, காணியை ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுக்கப் போறியளோ?”

அந்த நேரத்திலும் ஒரு பெடியன் சிரித்தான். அவா தன் பையிலிருந்து ஒரு கொப்பியை எடுத்தா. மழைக்காலத்தில் நாள் உள்ள தாய்மாரின் விபரம். உங்கள் எழுத்து, சம்பந்தி. நீங்கள் வீடு வீடாகப் போய் எழுதி அவாவிடம் கொடுத்தது. தாரணியின் பெயர், இரத்த வகை, எப்போதிருந்து பிரஷர், என்ன மாத்திரை, எல்லாம் இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவா ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னா. கடைசி நிரலில், மழைக்கு இருக்கும் இடம் என்று போட்டு, கீழே “முத்தையா வீடு” என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தீர்கள்.

என் “பார்ப்பம்” அதுதான். நீங்கள் அதை இல்லை என்று எழுதவில்லை.

பின்னேரம் வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார்கள். இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் கூட. தாரணிக்கு வாட்டில் வைத்து ஒரு தரம் வலிப்பு வந்தது. மூன்று நாள் அவளை எங்களுக்குக் காட்டவில்லை. அந்த மூன்று நாளும் நான் வெளி வாங்கில் இருந்தேன். பகிடி ஒன்றும் வாயில் வரவில்லை.

இரண்டாம் நாள் ஒரு நேர்ஸ் பிள்ளை வந்து கேட்டா. “இவ்வளவு பிரஷரோட ஏன் ஐயா முதலே கொண்டு வரேல்லை?”

“வெள்ளம், பிள்ளை” என்றேன்.

அவா தலையாட்டினா. பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். வெள்ளத்துக்கு வாய் இல்லை. என்னவும் அதன் தலையில் போடலாம். ஆனால், வெள்ளம் வர மூன்று மாதத்துக்கு முதலே ஒருவர் வந்து வரம்பில் குந்திக் கேட்டாரே, அதை நான் சொல்லவில்லை.

நாலாம் நாள் தாரணி கண் திறந்து தண்ணீர் கேட்டாள். பத்தாம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டார்கள். ஓட்டோக்காரன் எங்கே போக வேண்டும் என்று கேட்க, எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். முத்தையாண்ணை வீட்டை விடு தம்பி என்றேன். சம்பந்தியம்மா படலையடியில் நின்றா. உங்களுக்கு வருஷம் திரும்பவில்லை, புருஷனை இழந்த தான் பிள்ளையைத் தொடலாமோ என்று யோசித்து, கையைச் சேலைக்குள் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நின்றா. நான் பிள்ளையைக் கொண்டுபோய், பிடியுங்கோ என்று அவாவின் கையில் வைத்தேன். அவா பிள்ளையின் காதைப் பார்த்தா. பிறகு இரண்டு பேரும் அழுதோம், பெரிய சத்தமாக. ஓட்டோக்காரன் காசு கேட்காமல் கொஞ்ச நேரம் நின்றான்.

ஊர் கதைத்தது. இரண்டு நாள் கதைத்தது. மூன்றாம் நாள் யாரோ ஒருவரின் தண்ணீர் மோட்டர் களவு போக, கதை அங்கே போய்விட்டது. இரண்டு நாள் கதைக்குப் பயந்தா நான் என் பிள்ளையை விலை வைத்தேன்?

இப்போது நான் அனர்த்தக் குழுவில் இருக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரும். கிணற்றுக்குக் குளோரின் போடப் பழகினேன், முதல் கிணறு என்னுடையது, அளவு பிழைத்து ஒரு கிழமை எங்கள் வீட்டுத் தேத்தண்ணி ஆஸ்பத்திரி மாதிரி மணந்தது. ஒத்திகையில் இந்த முறையும் கர்ப்பிணி நான்தான். வீடுகளுக்குப் போய், பத்திரப் பைக்குள் முதலில் கிளினிக் அட்டையையும் மருந்தையும் வையுங்கோ, காணி எங்கேயும் ஓடாது என்று சொல்லுகிறேன். சனம் சிரிக்குது. சிரித்துக்கொண்டே வைக்குது.

ஆனால் ஒரு வீட்டில் சரிவரவில்லை. எங்கள் ஒழுங்கையின் கடைசி வீட்டுச் செல்லத்துரையரின் மகள் வவுனியாவில், கணவன் வீட்டில் இருக்கிறாள். மார்கழியில் நாள். ஐப்பசியில் கூட்டி வந்து தலைப்பிரசவம் பார்க்கப் போகிறார். மூன்று தரம் போனேன். மூன்றாம் தரம், உன்ர பிள்ளையைத்தான் சம்பந்தி வீட்டில விட்டாய், ஊரில எல்லாரையும் விடச் சொல்லுறியோ என்று ஏசி அனுப்பினார். பிழை சொல்ல மாட்டேன். நான் சொல்லியிருக்கக்கூடியதுதான்.

நேற்று, அதுவரை இந்தக் கடிதத்தை எழுதியிருந்த கொப்பியைக் கொண்டுபோய், அச்சுக்குப் போக முதல் எழுத்துப் பிழை பார்த்துத் தாங்கோ என்று அவரிடம் கொடுத்தேன். அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், எழுத்துப் பிழை என்றால் விட மாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். முடிய, கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை அடிக்கப் போறியோ?”

“ஓம் அண்ணை.”

“உன்ர பேரோட?”

“ஓம்.”

“வெட்கமில்லையோடா உனக்கு?”

“இருக்கு அண்ணை.”

அவர் பேனை எடுத்து நாலு இடத்தில் ஒற்றுப் போட்டார். நான் எழும்பிப் படலை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் அவருடைய குரல் கேட்டது.

“வவுனியாவில அவையின்ர வீட்டிலயிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் எண்டு அந்த மிட்வைஃப் பிள்ளைக்குத் தெரியுமோ?”

கேட்டுச் சொல்லுறன் அண்ணை என்றேன். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவர் கேட்டதை வாபஸ் வாங்கிவிடுவார் என்று பயம்.

சம்பந்தி, நாளைக் காலை அந்த விபரத்தோடு அவரிடம் போவேன். மழை தொடங்க முதல் மற்ற வீடுகளுக்கும் போவேன். என்னை யார் ஏசினாலும் தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்ப மாட்டேன், அந்த அளவுக்கு ரோசம் என்னிடம் மிச்சமில்லை. ஊர் ஏதும் சொன்னால் என் பெயரில் போடட்டும். இனி யாராவது ஏன் பிந்தினது என்று கேட்டால், வெள்ளத்தைச் சாட்ட மாட்டேன். இது பேத்தியின் தலையில் கை வைத்துச் சொல்லுகிற வாக்கு.

உங்கள் வீட்டுப் பெண்ணைப் பெற்றவன்,
உங்கள் பேத்தியின் அம்மப்பா,
உங்கள் சம்பந்தி
சிவபாலன்